கலந்த குழுவை எப்படிக் கூப்பிடுவது? டா, டி, ப்பா, மச்சி, கைஸ்

கேள்வி இதுதான்: ஆணும் பெண்ணும் கலந்த நண்பர் குழுவிலோ அலுவலகக் குழுவிலோ ‘டேய், எல்லாரும் வாங்கடா’, ‘மச்சி, சாப்பிடப் போலாமா’, ‘ஹாய் கைஸ்’ என்று சொல்லிப் பழகிவிட்டது. பெண்கள் மட்டும் இருக்கும்போதும் அதுவே வாயில் வருகிறது. இது தவறா? தவறென்றால் வேறு என்ன சொல்லலாம்?

சுருக்கமாகச் சொன்னால், ‘எல்லாரும் வாங்க’, ‘வாங்கப்பா’, ‘போலாமா’ ஆகிய மூன்றை வைத்துக்கொண்டே முக்கால்வாசி இடங்களைச் சமாளித்துவிடலாம். ஆனால் காரணம் தெரியாமல் சொல்லை மட்டும் மாற்றினால் வேறொரு கோளாறு வந்து சேரும். ஆங்கிலத்தில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘கைஸ்’ வேண்டாம், ‘ஃபோக்ஸ்’ என்று சொல்லுங்கள் என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். அங்கே சிக்கல் ஆண், பெண் என்ற ஒன்றுதான். நம் பேச்சில் கூப்பிடும் சொல்லுக்கு இரண்டு வேலை. கேட்பவர் ஆணா பெண்ணா என்பதையும் அது காட்டும்; அவர் எனக்கு எவ்வளவு நெருக்கம் என்பதையும் காட்டும். ஒன்றைச் சரிசெய்யப் போய் மற்றதைக் கெடுத்துக்கொள்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

முதலில் இலக்கணத்தைப் பார்த்துவிடலாம். அது நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. தமிழில் படர்க்கையில்தான் ஆண்பால், பெண்பால் உண்டு: வந்தான், வந்தாள். முன்னிலையில் கிடையாது. ‘நீ வந்தாய்’ என்பதை ஆணிடமும் சொல்லலாம், பெண்ணிடமும் சொல்லலாம். ‘நீங்க வாங்க’ என்பதும் அப்படித்தான். எதிரில் நிற்பவர்களோடு பேசும்போது வினைச்சொல் பாலைக் காட்டுவதே இல்லை. இந்தியில் ‘வருகிறாயா’ என்று கேட்கக்கூட எதிரில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்து வினையை மாற்ற வேண்டும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. பால் உள்ளே நுழைவது வினைக்குப் பின்னால் ஒட்டும் வாலிலும் (டா, டி, ய்யா, ம்மா), முன்னால் வைக்கும் விளியிலும் (டேய், மச்சி, தம்பி) மட்டும்தான்.

அப்படியானால் வாலை வெட்டிவிட்டால் போதாதா? போதாது. ‘வாங்க’ என்ற சொல்லுக்கே இரண்டு பொருள். ஒருவரை மரியாதையாக அழைத்தாலும் ‘வாங்க’. பத்துப் பேரை அழைத்தாலும் ‘வாங்க’. நெருங்கிய நண்பன் ஒருவனிடம் ‘வா’ என்று சொல்லிவிடலாம். அதே நெருக்கமுள்ள நான்கு பேரை அழைக்கும்போது ‘வாங்க’ என்றுதான் சொல்லியாக வேண்டும், அதில் தானாகவே மரியாதை வாசனை வந்துவிடுகிறது. அந்த மரியாதையை நீக்கிப் பன்மையை மட்டும் நிறுத்தத்தான் ‘டா’வை ஒட்டுகிறோம். ‘வாங்கடா’ என்றால் ‘பல பேரைக் கூப்பிடுகிறேன், ஆனால் நமக்குள் மரியாதை தேவையில்லை’ என்று பொருள். அந்த வால் வெறும் பழக்கதோஷம் இல்லை, அதற்கு ஒரு வேலை இருக்கிறது. அதனால்தான் அதை எடுத்துவிட்டு ‘எல்லாரும் வாங்க’ என்று மட்டும் சொன்னால் சில இடங்களில் ஏதோ விலகி நின்று பேசுவதுபோலத் தோன்றுகிறது. மாற்றுச் சொல் தேடும்போது அந்த வேலையையும் செய்கிற சொல்லாகப் பார்க்க வேண்டும்.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ‘டா’ இப்போது பொதுச்சொல் ஆகிவிட்டது என்று பலர் வாதாடுகிறார்கள். அம்மா மகளை ‘சொல்லுடா செல்லம்’ என்கிறாள். கல்லூரிப் பெண்கள் தங்களுக்குள் ‘டேய்’ போட்டுக்கொள்கிறார்கள். ஆகவே யாரிடமும் சொல்லலாம் என்பது வாதம். இதைச் சோதிக்க எளிய வழி, திருப்பிப் போட்டுப் பார்ப்பது. ஒரு பையனை ‘சொல்லுடி’ என்று கூப்பிட்டால் என்ன ஆகும்? கேலி ஆகும், சில இடங்களில் சண்டையே வரும். பெண்ணுக்கு ஆண் சொல் கொடுத்தால் அது செல்லம், ஆணுக்குப் பெண் சொல் கொடுத்தால் அது அவமானம் என்றால் அந்தச் சொல் இன்னும் பொதுவாகவில்லை என்றுதான் பொருள். ‘டா’ ஆண் சொல்லாகவே இருக்கிறது. பெண்ணுக்குக் கொடுக்கும்போது ஒரு சலுகையைப் போலக் கொடுக்கப்படுகிறது. மகளிடம் அம்மா சொல்லும் ‘டா’வில் இருக்கும் அன்பைக் குறை சொல்லவில்லை. அது ஒருவருக்கு ஒருவர், வீட்டுக்குள், குரலோடு சேர்ந்து வருவது. நான்கு ஆண்களும் இரண்டு பெண்களும் இருக்கும் இடத்தில் ‘வாங்கடா’ என்றால் அந்தக் குரல் அங்கே இல்லை. அந்த இரண்டு பேரும் கணக்கில் இருக்கிறார்களா என்பதே தெளிவில்லாமல் போகிறது. எழுந்து போவதா, உட்கார்ந்திருப்பதா என்று அவர்கள் ஒரு நொடி தயங்குவதைக் கவனித்தால் தெரியும்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு சொல் எதிர்ச்சொல்லோடு ஜோடியாக வருகிறதா என்று பாருங்கள். ‘பசங்களா, அமைதியா இருங்க’ என்று வகுப்பு முழுவதையும் பார்த்து ஆசிரியர் சொல்வார். அதே ஆசிரியர் அடுத்த மணியில் ‘பசங்க இந்தப் பக்கம், பொண்ணுங்க அந்தப் பக்கம்’ என்பார். ஒரே சொல் காலையில் எல்லோரையும் குறிக்கிறது, மதியம் ஆண்களை மட்டும் குறிக்கிறது. கேட்கிற பெண் குழந்தை ஒவ்வொரு முறையும் ‘இதில் நான் உண்டா’ என்று தானே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ‘பிள்ளைங்களா’ என்றால் அந்தக் கணக்கு தேவையில்லை. சில ஊர்களில் ‘புள்ள’ என்று ஒருமையில் சொன்னால் பெண்ணைத்தான் குறிக்கும் என்றாலும், ‘பிள்ளைங்களா’ என்ற பன்மை வகுப்பறையில் இரு பாலுக்கும் சரியாகப் பொருந்துகிறது. சின்னப் பிள்ளைகளிடம் ‘குட்டீஸ்’, ‘செல்லங்களா’, ‘கண்ணுங்களா’ எல்லாமே சரி.

‘டி’ வேறு கதை. அது பெண்களுக்கிடையே, சம வயதில், நெருக்கத்தில் மிக இயல்பான சொல். ‘எங்கடி இருக்கீங்க எல்லாரும்’ என்று ஒரு தோழி கேட்டால் அதைவிட அன்பான அழைப்பு கிடையாது. அதையே குழுவில் உள்ள ஆண் ஒருவன் கேட்டால் பெரும்பாலான இடங்களில் சுருக்கென்று தைக்கும். காரணம், ஆண் வாயிலிருந்து வரும் ‘டி’ நெடுங்காலமாகக் கணவன் மனைவியை அதட்டவும், தெருவில் பெண்ணை இழிவாகப் பேசவும் புழங்கி வந்திருக்கிறது. பெண்கள் தங்களுக்குள் ‘டி’ போடுகிறார்கள் என்பது ஆணுக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. பெண்களுக்குள்ளேயும் ஒரு கவனம் தேவை. ஐந்து பேரில் ஒருவர் பத்து வயது மூத்தவர் என்றால் ‘வாங்கடி’ அவரை விட்டுவிடும், அல்லது அவமதிக்கும். அந்த இடத்தில் ‘வாங்க’ போதும்.

இப்போது ‘ப்பா’. என் கணக்கில் கலந்த குழுவுக்குத் தமிழ்நாட்டுப் பேச்சில் கிடைக்கும் மிகச் சிறந்த வால் இதுதான். பிறப்பால் அது ‘அப்பா’. ஆனால் அந்தப் பொருள் தேய்ந்துவிட்டது. இரண்டு பெண்கள் பேசிக்கொள்ளும்போது ‘போப்பா, எனக்கு ஒண்ணும் தெரியாது’, ‘இல்லப்பா, நேத்தே குடுத்துட்டேன்’ என்று சொல்வது சாதாரணம். அதில் யாரும் ஆண் வாடையைக் கேட்பதில்லை. ‘வாங்கப்பா’ என்றால் மரியாதையின் விறைப்பு போய்விடுகிறது, நெருக்கம் வந்துவிடுகிறது, பால் எங்கும் தலைகாட்டுவதில்லை. ‘டா’ செய்கிற வேலையை ‘டா’வின் சுமை இல்லாமல் செய்கிறது. நெரிசலான பேருந்தில் நடத்துனர் ‘உள்ள போங்கப்பா, படியில நிக்காதீங்க’ என்று ஒரே குரலில் எல்லோரையும் நகர்த்துவதைக் கேட்டிருப்பீர்கள். அதே மூச்சில் ஒரு பெண்ணைத் தனியாகச் சொல்ல வேண்டுமென்றால்தான் அவர் ‘ஏம்மா, உள்ள போம்மா’ என்று மாறுகிறார். கூட்டத்துக்கு ‘ப்பா’, தனிப் பெண்ணுக்கு ‘ம்மா’ என்று பேச்சுமொழி தானாகவே பிரித்து வைத்திருக்கிறது.

இதற்கும் எல்லை உண்டு. நம்மைவிட மூத்தவர்கள் குழுவில் இருந்தால் ‘ப்பா’ மரியாதைக் குறைவு. புதிதாக அறிமுகமானவர்களிடம் முதல் நாளே சொன்னால் அதிகப்பிரசங்கித்தனமாகப் படலாம். எரிச்சலோடு அழுத்திச் சொன்னால் (‘கொஞ்சம் சும்மா இருங்கப்பா!’) அதட்டலாகிவிடும். எழுத்தில் ‘வாங்கப்பா’ என்று சேர்த்து எழுதுங்கள். ‘வாங்க பா’ என்று பிரித்தால் படிக்கிறவர் யாரோ ஒரு அப்பாவைத் தேடுவார்.

‘ம்மா’வைப் பெண்கள் குழுவுக்குப் பயன்படுத்தலாமா என்றால், யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. இளைய பையன் ஒருவன் தன் அம்மா வயதுப் பெண்களிடம் ‘வாங்கம்மா, உக்காருங்க’ என்றால் அது மரியாதை. நாற்பது வயது மேலாளர் இருபத்தைந்து வயதுப் பெண்கள் மூவரிடம் ‘என்னம்மா, முடிச்சிட்டீங்களா’ என்றால், அதே எழுத்துகள் அவர்களைச் சிறுபிள்ளைகளாக்கிவிடும். அவர் ஆண் ஊழியர்களிடம் ‘என்ன கார்த்தி, முடிஞ்சுதா’ என்று பெயர் சொல்லிக் கேட்கிறார் என்றால் வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும். சம வயதுப் பெண்கள் குழுவிடம் ஆண் பேசும்போது ‘ம்மா’வைவிட ‘ப்பா’வே சமமாக ஒலிக்கிறது. வினோதமாகத் தோன்றினாலும் உண்மை இதுதான்.

உறவுச் சொற்களைச் சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். மச்சான், மச்சி, மாப்ள, மாமா, மாம்ஸ், பங்காளி, பங்கு என நண்பர்களை அழைக்க நாம் எடுத்துக்கொண்ட சொற்கள் எல்லாம் உறவுமுறையிலிருந்து வந்தவை. அதிலும் பெரும்பாலானவை கொள்வினை கொடுப்பினை உறவுகள். மச்சான் என்றால் அத்தை மகன், மாமன் மகன், அக்காள் கணவன். கட்டிக்கொள்ளும் முறை உள்ள உறவு. மாப்ள என்றால் மணமகன். இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் மச்சான் என்னும்போது ‘உன்னைச் சம்பந்தியாக்கிக்கொண்டேன்’ என்பதுபோல ஒரு நெருக்கம் உருவாகிறது, அவ்வளவுதான். அதுவே பெண் ஆணைப் பார்த்து ‘மச்சான்’ என்றால், இன்றும் பல ஊர்களில் முதலில் காதில் விழுவது கல்யாண முறைதான். ஆகவே இந்தச் சொற்களைக் கலந்த குழுவுக்குக் கொண்டுவரும்போது ‘இது ஆண் சொல்’ என்பது மட்டும் சிக்கல் இல்லை. முறை உள்ள சொல் என்பதும் சேர்ந்துகொள்கிறது. நகரத்துக் கல்லூரிகளில் பெண்கள் தங்களுக்குள் ‘மச்சி’ என்கிறார்கள், ஆண் தோழர்களும் அவர்களை அப்படியே அழைக்கிறார்கள், அங்கே அது ஓடுகிறது. அந்தக் குழுவுக்குள் இருக்கட்டும். அதே குழுவில் ஒருத்தி கிராமத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்தால் அவளுக்கும் அது அப்படித்தான் கேட்கும் என்று எண்ணிவிடக் கூடாது. சில குடும்பங்களில் ‘மச்சி’ என்பது அண்ணன் மனைவியைக் கூப்பிடும் சொல் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இலங்கையில் ‘மச்சான்’ சிங்களத்துக்கும் போய், அங்கே நண்பர்களுக்கிடையே அன்றாடச் சொல்லாகிவிட்டது. மலேசியாவில் ‘மச்சா’ தமிழர் அல்லாதவர்கள் வாயிலும் புழங்குகிறது. போன இடமெல்லாம் அது பெரும்பாலும் ஆண்களின் சொல்லாகவே போயிருக்கிறது.

‘ப்ரோ’வைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. ‘அண்ணா’ சொல்லத் தயங்கும் இடத்தில் அது வந்தது. பெண்ணிடம் சொன்னால் பொருந்தாது, ‘சிஸ்’ என்று சொன்னால் விலக்கி வைத்ததுபோல இருக்கும். இரண்டையும் சேர்த்து ‘ப்ரோஸ் அண்ட் சிஸ்’ என்றால் மேடைப்பேச்சு.

‘கைஸ்’ வந்த வழி கொஞ்சம் வேடிக்கையானது. 1605-இல் லண்டன் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் போட்ட சதியில் பிடிபட்டவர் கை ஃபாக்ஸ். ஆண்டுதோறும் நவம்பர் 5 அன்று எரிக்கும் அவருடைய கந்தல் பொம்மைக்கு ‘கை’ என்று பெயர் வந்தது. பிறகு கந்தலாக உடுத்திய ஆளுக்கும், அதன்பின் அமெரிக்காவில் எந்த ஆணுக்கும் அது பெயராயிற்று. பன்மையில் ஆண், பெண் எல்லோரையும் அழைக்கும் சொல்லானது அதற்கும் பிறகு. ஆங்கிலத்தில் ‘அந்த அறையில் எத்தனை கைஸ் இருந்தார்கள்’ என்று கேட்டால் இன்றும் ஆண்களைத்தான் எண்ணுவார்கள், அதனால்தான் அங்கே இவ்வளவு விவாதம். தமிழ்ப் பேச்சில் நாம் அதை விளியாக மட்டுமே எடுத்துக்கொண்டோம். ‘ஒரு கை வந்தான்’ என்று யாரும் சொல்வதில்லை. எனவே நம் காதில் அதன் ஆண்தன்மை மங்கலாகத்தான் விழுகிறது. கலந்த குழுவில் ‘கைஸ்’ சொன்னதற்காக யாரும் பெரிதாக வருத்தப்பட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ‘வாங்கடா’வைவிட எவ்வளவோ மேல். ஆனால் அலுவலகத்தில் வேறு நாட்டவர்களும் இருக்கிறார்கள் என்றால் அவர்கள் காதில் விழுவது வேறு. அங்கே ‘டீம்’, ‘ஆல்’, ‘எவ்ரிவன்’ என்று போய்விடுங்கள். பெண்கள் மட்டும் இருக்கும் குழுவிடம் ‘கைஸ்’ சொல்லாமல் இருப்பதே நல்லது. அங்கே அதற்குத் தேவையும் இல்லை.

பெண்கள் மட்டும் உள்ள குழுவை எப்படித்தான் அழைப்பது? பலர் ‘லேடீஸ்’, ‘கேர்ள்ஸ்’, ‘பொண்ணுங்களா’ என்று தேடிப்போகிறார்கள். உண்மையில் அப்படி ஒரு சொல்லே வேண்டியதில்லை. ஆண்கள் மட்டும் இருக்கும் குழுவிடம் ‘ஆண்களே, டீ சாப்பிடலாமா’ என்று யாரும் கேட்பதில்லை அல்லவா? ‘டீ சாப்பிடலாமா’ என்றுதான் கேட்கிறோம். இங்கேயும் அதுவே போதும். ‘பொண்ணுங்களா’ என்பதைத் தோழிகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளலாம், பாட்டி பேத்திகளிடம் சொல்லலாம். வேலையிடத்தில் வேறு யார் சொன்னாலும் வயதையும் தகுதியையும் குறைத்துவிடும். ‘லேடீஸ்’ என்பது பேருந்து இருக்கை, ஹாஸ்டல், ரேஷன் வரிசை ஆகியவற்றோடு ஒட்டிய சொல். ‘லேடீஸ் எல்லாம் முன்னாடி வாங்க’ என்று வரிசைப்படுத்துவதற்குச் சரி, நட்பாக அழைப்பதற்குச் சரியில்லை.

வாலும் வேண்டாம், விளியும் வேண்டாம், ஆனால் விறைப்பும் வேண்டாம் என்றால் இரண்டு வழிகள் கைவசம் இருக்கின்றன. ஒன்று, ஏவலை விட்டுவிட்டு ‘நாம்’ என்ற நிலைக்கு மாறுவது. ‘சாப்பிட வாங்கடா’ என்பதை ‘சாப்பிடப் போலாமா’ என்று மாற்றினால் அழைப்பவரும் கூடவே போகிறார், நெருக்கம் தானாக வந்துவிடுகிறது. மற்றது, வினையின் இறுதியில் ‘ஏன்’ சேர்ப்பது: ‘வாங்களேன்’, ‘சொல்லுங்களேன்’, ‘கொஞ்சம் உக்காருங்களேன்’. இந்தச் சின்ன ஒட்டு கெஞ்சலையும் செல்லத்தையும் கொண்டுவந்துவிடும், பாலைத் தொடாது. யாழ்ப்பாணத்தில் ‘வாங்கோ’வை ‘வாங்கோவன்’ என்று நீட்டுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. அங்கே ‘பெடியள்’ என்றால் ஆண் பிள்ளைகள், ‘பெட்டையள்’ என்றால் பெண் பிள்ளைகள். இரண்டாவது பல காதுகளுக்குக் கொச்சையாகப் படும். ‘பிள்ளையள், எல்லாரும் வாங்கோ’ என்றால் இருவரும் அடங்கிவிடுவார்கள்.

வட்டார வழக்கில் பொதுச்சொற்கள் நிறையவே இருக்கின்றன. நகரத்துக்கு வந்தபின் அவற்றைக் கைவிட்டுவிட்டோம் என்பதுதான் வருத்தம். கன்னியாகுமரிப் பக்கம் ‘மக்கா’, ‘மக்களே’ என்று ஒரே ஒருவரைக்கூட அன்பாக அழைப்பார்கள். அது மகனுக்கும் பொருந்தும், மகளுக்கும் பொருந்தும். கொங்குப் பக்கம் ‘ஏனுங்க’ என்று தொடங்கினால் ஆண், பெண், ஒருவர், பலர் எல்லோரும் அதற்குள் வந்துவிடுவார்கள். பிள்ளைகளை ‘சாமி’, ‘கண்ணு’ என்பதும் இரு பாலுக்கும் உண்டு. ‘அம்மணி’ மட்டும் பெண்ணுக்கே உரியது. நெல்லையில் ‘ஏலே’ ஆணுக்கும் ‘ஏட்டி’, ‘ஏளா’ பெண்ணுக்கும் என்று பிரிந்து நிற்கிறது. ஆனால் மிகப் பழைய தமிழில் இப்படிப் பிரியாத ஒரு விளி இருந்தது. நெருங்கியவர்கள் ஒருவரையொருவர் அழைக்கும் பொதுச்சொல் ஒன்று ஆண், பெண் இருவருக்கும் உரியது என்று தொல்காப்பியத்தின் ‘பொருளியல்’ என்ற பகுதி சொல்கிறது. உரைகாரர்கள் அதற்குக் காட்டும் சொல் ‘எல்லா’. கலித்தொகையில் அது வருகிறது. திருப்பாவையில் உறங்கும் தோழியை எழுப்பும் ‘எல்லே’யும் அதன் சாயல்தான். பாலைக் காட்டாத நெருக்க விளி தமிழுக்குப் புதிதாக இறக்குமதி செய்ய வேண்டிய ஒன்று அல்ல.

எழுத்தில், வாட்ஸ்அப் குழுவில், காணொளியில் அழைக்கும்போது வழி இன்னும் எளிது. ‘அர்’ விகுதியில் முடியும் சொற்கள் இரு பாலுக்கும் பொது. ‘நண்பா’ ஆணை அழைப்பது, ‘நண்பர்களே’ எல்லோரையும் அழைப்பது. ‘தோழன்’, ‘தோழி’ பிரிந்து நிற்கும், ‘தோழர்’ சேர்த்துக்கொள்ளும். இடதுசாரி இயக்கங்களிலும் பெரியார் இயக்கத்திலும் ஒரு பெண்ணைப் பெயரோடு ‘தோழர்’ என்று அழைப்பது இன்றும் இயல்பு. இன்னொரு வகை, உருவத்தில் அஃறிணையாக இருந்து மனிதரைக் குறிக்கும் சொற்கள்: ‘நட்புகளே’, ‘உறவுகளே’, ‘சொந்தங்களே’, ‘தோழமைகளே’. இது இணையத்தில் முளைத்த புதுமை என்று நினைப்பவர்கள் உண்டு. உயர்திணைப் பொருளை அஃறிணைச் சொல்லால் குறிக்கும் இந்த முறைக்குத் தொல்காப்பியம் ஒரு பட்டியலே தருகிறது. அதில் விருந்து, குழு, மகவு, குழவி எல்லாம் இருக்கின்றன. ‘சகோ’வும் அருமையான சுருக்கம். சகோதரனுக்கும் சகோதரிக்கும் பொதுவான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. ‘வணக்கம் மக்களே’ இப்போது காணொளிகளில் எங்கும் கேட்கிறது, எந்தக் குழுவுக்கும் பொருந்துகிறது. அலுவலக மின்னஞ்சலுக்கு ‘அனைவருக்கும் வணக்கம்’ போதும்.

அரசியல் மேடையிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். அண்ணா தொண்டர்களுக்கு எழுதிய கடிதங்கள் ‘தம்பி’ என்று தொடங்கின. கலைஞர் ‘உடன்பிறப்பே’ என்று எழுதினார். பாசம் இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் இரண்டாவது அழைப்பில் தங்கைகளும் உண்டு. ‘பெரியோர்களே, தாய்மார்களே’ என்ற வழக்கமான மேடை விளியில், இலக்கணப்படி ‘பெரியோர்’ இரு பாலுக்கும் பொது. பக்கத்தில் ‘தாய்மார்’ வந்தவுடன் அது ஆண்களுக்கு என்று சுருங்கிவிடுகிறது, பெண்கள் தாய் என்ற ஒரே தகுதியில் உள்ளே வருகிறார்கள். பொதுச்சொல்லுக்குப் பக்கத்தில் பெண்களுக்கென்று தனிச்சொல் ஒன்றை வைத்தால் பொதுச்சொல் ஆண் சொல்லாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. ‘கைஸ் அண்ட் கேர்ள்ஸ்’ என்பதிலும் இதே கோளாறுதான்.

இப்போது, மாற முயல்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம். குழுவில் ஆண்களுக்கு ‘டா’, பெண்களுக்கு ‘ங்க’ என்று பிரித்துப் பேசத் தொடங்குவார்கள். ‘ரவி, நீ அந்த ஃபைல எடுத்துட்டு வாடா. பிரியா, நீங்க இத கொஞ்சம் பாத்துடுங்க.’ சொல்கிறவருக்கு இது மரியாதை. பிரியாவுக்கோ, ரவி உள்வட்டம், நான் வெளிவட்டம் என்று தெரிகிறது. வேலைக்குப் பின் டீக்கடையில் நடக்கும் பேச்சிலும், அங்கே முடிவாகும் விஷயங்களிலும் ‘ங்க’ வாங்குகிறவருக்கு இடம் குறைவு. ‘டா’வுக்குள் கரைந்துபோவதும் ‘ங்க’வால் தள்ளி நிறுத்தப்படுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். எந்த நிலையைத் தேர்ந்தாலும் எல்லோருக்கும் ஒரே நிலை. எல்லோரையும் பெயர் சொல்லி ‘நீ’ என்று பேசலாம், வால் இல்லாத ‘நீ’க்குப் பால் கிடையாது: ‘ரவி, நீ அந்த ஃபைல எடுத்துட்டு வா. பிரியா, நீ இதப் பாரு.’ அது அந்த இடத்துக்கு ஒத்துவராது என்றால் ரவிக்கும் ‘ங்க’ கொடுங்கள். எது சரி என்று தெரியவில்லையென்றால் ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: நீங்கள் சொல்லும் அதே சொல்லை அவர் உங்களைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல முடியுமா? மூத்தவர் இளையவளை ‘டா’ என்கிறார், அவள் பதிலுக்கு ‘சார்’ என்கிறாள் என்றால் அங்கே நட்பு இல்லை, படிக்கட்டுதான் இருக்கிறது.

வாய் தவறி ‘வாங்கடா’ வந்துவிட்டால் என்ன செய்வது? உடனே நிறுத்தி, ‘சாரி, லேடீஸும் இருக்கீங்கள்ல’ என்று ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்வதுதான் மிக மோசம். அதுவரை யாரும் கவனிக்காத அவளை எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி செய்துவிடுகிறது. பரவாயில்லை என்று சிரிக்கும் பொறுப்பையும் அவள் தலையிலேயே வைக்கிறது. அடுத்த வாக்கியத்தைச் சரியாகச் சொன்னால் போதும். ஒருவர் நேராக வந்து ‘என்னை அப்படிக் கூப்பிடாதீங்க’ என்றால், ‘சரி, மாத்திக்கிறேன்’ என்பது முழுப் பதில். ‘நான் தப்பா சொல்லல, எல்லாரையும் அப்படித்தான்’ என்ற விளக்கத்தை அவர் கேட்கவில்லை. குழுவில் திருநங்கையோ திருநம்பியோ இருந்தால் இது இன்னும் கூர்மையாகும். மற்றப் பெண்களுக்கு ‘டா’ ஒரு சின்ன உறுத்தல். ஒரு திருநங்கைக்கு அது ‘உன்னைப் பெண்ணாக நான் ஒப்புக்கொள்ளவில்லை’ என்று கேட்கும். விளையாட்டுக்குக்கூட அங்கே வேண்டாம்.

கடைசியாக, விளியை மாற்றியவர்களும் கவனிக்காமல் விடுகிற சொற்கள் சில உண்டு. ‘எவன்டா லைட்ட ஆஃப் பண்ணாம போனது’ என்பதை ‘யாரு லைட்ட ஆஃப் பண்ணாம போனது’ என்று கேட்கலாம். எவன், எவள் என்று பிரியும் இடத்தில் ‘யாரு’ பிரியாது. ‘யாராவது ஒருத்தன் வாங்க’ என்பதற்கு ‘ஒருத்தர் வாங்க’. ‘ரெண்டு பசங்கள அனுப்பு’ என்பதற்கு ‘ரெண்டு பேர அனுப்பு’. ஆண்களும் பெண்களுமாக வந்த குழுவைப் பற்றிப் பிறரிடம் சொல்லும்போது ‘நம்ம ஆளுங்க வந்துட்டானுங்க’ என்பதற்கு ‘வந்துட்டாங்க’. தொலைபேசியில் ‘அவனுங்க எல்லாம் கிளம்பிட்டானுங்க’ என்று சொல்லும்போது பக்கத்தில் நிற்கும் தோழிக்கும் அது கேட்கும். அவளும் கிளம்பியவர்களில் ஒருத்தி.